கூடி இசைத்தல்

நுழையும்முன்

இசைக்கருவியைத் தனியே பயில்வோர் பலர். அவர்கள் ஓரிடத்தில் கூடி இசைக்கும்போது வேறொரு திறன் தேவைப்படுகிறது. அத்திறன் யாது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் விழா மேளத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சிலம்பு காட்டும் முறை

கம்பத்திற்குத் தெற்கே, கூடலூரை அடுத்த மலைமுகட்டில் கண்ணகி கோவில் உள்ளது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் மலையேறிச் சென்று வழிபடுகின்றனர். அக்கண்ணகியின் வரலாற்றைப் பாடும் சிலப்பதிகாரம், கூட்டிசையின் இலக்கணத்தையும் கூறுகிறது. அரங்கேற்று காதையில், மாதவியின் ஆடலுக்குக் கருவிகள் இசைந்த முறையை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதன்பின் முழவும் ஒலித்தன. முழவோடு ஆமந்திரிகை சேர்ந்தது. ஒவ்வொரு கலைஞரும் மற்றவரைக் கேட்டே தம் கருவியை இயக்கினர் என்பது இதனால் விளங்கும்.

விழாவும் மேளமும்

இம்முறையை இன்றைய திருவிழாக்களிலும் காணலாம். தேனிக்கு அருகில், முல்லையாற்றங்கரையில் அமைந்த வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலின் சித்திரைத் திருவிழாவில் அடியார்கள் தீச்சட்டி ஏந்தி வருவர், மேளங்கள் முழங்கும். தென்மாவட்ட விழாக்களில் இசைக்கப்பெறும் நையாண்டி மேளத்தில் நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை இடம்பெறும். சில குழுக்களில் உறுமியும் சேரும். நாகசுரம் மெட்டைத் தரும். தவில் அம்மெட்டுக்கு நடை வகுக்கும். உறுமியின் தோலை வளைந்த குச்சியால் உராய்ந்து, உறுமல் போன்ற ஒலியை எழுப்புவர். இவை அனைத்திற்கும் காலத்தை அளந்து தருவது தாளமே.

கற்பவரின் இடம்

பகலில் திராட்சைத் தோட்டத்தில் உழைத்து, மாலையில் விருப்பத்தால் தவில் பயிலும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் அவர் தனியே வாசிக்கிறார். கை பழகப் பழக அவரை அறியாமலேயே வேகம் கூடுகிறது, தடுப்பார் எவருமில்லை. ஒருநாள் அவர் குழுவினரோடு சேர வருகிறார். மூத்த கலைஞர் அவர் கையில் தவிலைத் தராமல் தாளத்தைத் தருகிறார். இளைஞருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆயினும், அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு சிறிதன்று. தாளம் விரைந்தால் நாகசுரக் கலைஞர் மூச்செடுக்க இடம் பெறார். ஆடுவோரின் அடி தவறும். ஊர்வலம் நடுவழியில் நிற்காது. ஆதலால், பிழையைத் திருத்த இசையை நிறுத்தவும் இயலாது. மூத்தவரின் ஒரு பார்வையிலேயே பிழையை உணர்ந்து, அடுத்த சுற்றுக்குள் அவர் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். தம் கையைவிடப் பிறர் ஒலியைக் கூர்ந்து கேட்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்க்கிறது.

நம் கடமை

இன்று பல தெருக்களில் மேளத்தின் இடத்தை ஒலிபெருக்கிப் பாடல்கள் பிடித்துக்கொண்டன. இதனால் கலைஞர்கள் வருவாயை இழக்கின்றனர். கற்பவர்களோ தங்கள் பயிற்சிக்களத்தையே இழக்கின்றனர். பதிவு செய்யப்பட்ட பாடலோடு சேர்ந்து வாசிக்கலாம். ஆனால், நாம் தவறும்போது அது நமக்காகக் காத்திராது. நம்மை நோக்கித் திரும்பியும் பாராது.

மாணவர்களே! அடுத்த முறை உங்கள் ஊரில் மேளம் ஒலிக்கும்போது, நாகசுரத்தையும் தவிலையும் மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். ஓரமாக நின்று தாளம் இடுபவரின் கைகளையும் கவனியுங்கள். குழுவின் ஒழுங்கு அக்கைகளில்தான் இருக்கிறது.