அப்பாவின் ஹாக்கியும் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையும்

கோவில்பட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் தோழிகளே? கடலைமிட்டாய் என்பீர்கள். அதற்கு 2020ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. தீப்பெட்டி என்பீர்கள். அதுவும் சரிதான். ஆனால் எங்கள் ஊர் ஆண்களைக் கேட்டுப் பாருங்கள், ஹாக்கி என்றுதான் முதலில் சொல்வார்கள். மற்ற ஊர்களில் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தால், எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையோடு சைக்கிளில் போவார்கள். எங்கள் ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேலும், எங்கள் ஊர் விளையாட்டு விடுதியில் பயிற்சி எடுத்த அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வமும் 2022ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடி, வெண்கலப் பதக்கத்தோடு வந்தார்கள். அன்றைக்கு எங்கள் அப்பாவைப் பார்க்க வேண்டுமே! சொந்தப் பேரன் ஜெயித்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

நான் பிறந்தது அங்கேதான். வாழ்க்கைப்பட்டது திண்டுக்கல்லில். ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் அம்மா வீட்டுக்குப் போவேன். எங்கள் ஊரில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடப்பதும் அதே மே மாதத்தில்தான். வடக்கேயிருந்தெல்லாம் பெரிய பெரிய அணிகள் வரும். கோப்பைக்கு ஒரு அம்மாளின் பெயர். ஆனால் எங்கள் வீட்டில் அதைப் பார்க்கப் போவது அப்பாவும் அண்ணனும், இப்போது அண்ணன் மகனும் மட்டும்தான்.

இந்தத் தடவை என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் மட்டும் என்று சொல்லி, மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். மதுரை, விருதுநகர், சாத்தூர் தாண்டி கோவில்பட்டியில் இறங்கும்போது காலை வெயிலே சுள்ளென்று அடித்தது. ஸ்டேஷனுக்கு வந்திருந்த அண்ணன் மகன், "அத்தை, இன்னைக்கு சாயங்காலம் நல்ல மேட்ச். எல்லாரும் போவோமா?" என்றான். என் மகள் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவள் உடனே, "ஆச்சியும் வருவாங்கள்ல?" என்று கேட்டாள். அவன் முழித்தான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கல்யாணமாகி 42 வருஷமாக அந்த ஊரில் இருக்கும் என் அம்மா, ஒரு நாள்கூட ஹாக்கி மைதானத்துக்குப் போனதில்லை!

அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதினார். அம்மா வீட்டில் இருந்தபடி தீப்பெட்டி ஒட்டுவார். 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். இத்தனை குரோஸ் என்று கணக்குப் பார்த்துத்தான் கூலி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா அண்ணனை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து மேட்சுக்குப் போய்விடுவார். நானும் அம்மாவும் பசைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். இருட்டியதும் இரண்டு பேரும் பசியோடு வருவார்கள். அம்மா தோசை சுட்டுப் போட, தட்டை கோல் போஸ்ட்டாகவும் டம்ளரை ஆளாகவும் வைத்து மறுபடி ஒரு மேட்ச் ஆடுவார்கள். அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஹாக்கி.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் ஹாக்கிக்குப் பெயர் கேட்டபோது நானும் கை தூக்கினேன். அப்பா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது? முட்டி பேந்து வந்து நிக்கவா?" என்றார். அத்தோடு போயிற்று. பத்தாம் வகுப்போடு படிப்பும் போயிற்று. அது வேறு கதை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது நான் மெல்லப் பேச்செடுத்தேன். "அப்பா, இன்னைக்கு அம்மாவும் நாங்களும் வாறோம்."

அப்பா சிரித்தார். "அவளுக்கு அதுல என்ன தெரியும்? உக்காந்து கொட்டாவி விடுவா."

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. "ராத்திரிக்கு யார் ஆக்குறது? படி ஏற முட்டி வலிக்கும். நான் எதுக்கு? நீங்க போங்க" என்றார். மதினிதான் எனக்குத் துணைக்கு வந்தார். "மாவு இருக்கு அத்தை. வந்து ஊத்திக்கலாம். நானும் பார்த்ததே இல்ல" என்றார். கல்யாணமாகி 16 வருஷம் ஆன மதினியும் பார்த்ததில்லையாம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

ஒருவழியாகக் கிளம்பினோம். அம்மா கல்யாணத்துக்குப் போவது போலப் புதுச்சேலை கட்டிக்கொண்டார். ஒரு விஷயம் சொன்னால் உங்களுக்கே புரியும். மூன்று மணியிலிருந்து அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டால், "அங்க வசதி இருக்கோ இல்லையோ" என்றார். வெளியே கிளம்பினால் நாம் எல்லோருமே செய்கிற காரியம்தானே இது? ஆண்கள் யாராவது இப்படி யோசித்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா?

கிருஷ்ணா நகர் மைதானத்தில் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். மேட்சுக்கு முன்னால் அதில் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். பந்து சீராக ஓடுவதற்காம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம தெருவுக்குக் குடிதண்ணி வராத நாள்லயும் இப்படித்தான் அடிப்பாகளா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர்கூடச் சிரித்துவிட்டார்.

மேட்ச் ஆரம்பித்தது. அப்பா எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், தன் பழைய சிநேகிதர்களோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஒரு பக்கத்து ஆட்கள் நாலு பேரும் கோல்கீப்பருமாக ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார்கள். மீதிப் பேர் மைதானத்தின் பாதியைத் தாண்டி ஓடினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அம்மா சொன்னார், "இது பெனால்டி கார்னர். அந்த வளையத்துக்குள்ள தப்பு பண்ணியிருப்பான். அதான் அஞ்சு பேரு மட்டும் நின்னு தடுக்கணும்."

அப்பா சடாரென்று திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தட்டையும் டம்ளரையும் வச்சு எத்தனை வருஷம் காட்டுனீங்க! எனக்குக் காது இல்லையா?" என்ற அம்மா, கூடவே ஒன்று சொன்னார். "நம்ம வீடு மாதிரிதான் இருக்கு. வேலைன்னு வந்தா பாதிப் பேரு கோட்டுக்கு அங்கிட்டு ஓடிருதாக." மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் அப்பா எங்கள் வரிசைக்கே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முன்னே 35 நிமிஷமாக இரண்டு பாதி ஆடுவார்களாம். இப்போது 15 நிமிஷமாக நாலு கட்டமாம். மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொட வேண்டுமாம். அந்த வளையத்துக்குள் நின்று அடித்தால்தான் கோல் கணக்காம். பச்சை அட்டை காட்டினால் இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டுமாம். அப்பா சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டினார். சில சமயம் அப்பாவையே திருத்தவும் செய்தார். இரண்டு பேரும் இப்படி வீட்டுச் செலவும் மருந்து மாத்திரையும் தவிர வேறு விஷயம் பேசி நான் பார்த்ததே இல்லை.

எங்களுக்குப் பின்னால் நாலைந்து பள்ளிக்கூடப் பெண்கள் மட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா திரும்பி, "நீங்களும் ஆடுவீங்களா? வீட்டுல விடுதாகளா?" என்று கேட்டார். அதில் ஒரு பெண், "எங்க அப்பாதான் பாட்டி, தினமும் காலைல கொண்டுவந்து விடுவாங்க" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆட்டம் நின்றிருந்தபோதும்கூட.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இடமில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அம்மா சாவகாசமாகச் சொன்னார், "42 வருஷமா நீங்க எங்க போயிட்டு வந்தீகன்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. வீடு வரும்வரை பேசாமலே வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கறிக்குழம்பு. அம்மா பாத்திரம் தேய்க்க உட்காரும்போது அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார். "இவளே, நாலரைக்கு மேட்ச். ராத்திரிக்கு இட்லி கடையில வாங்கிக்கிடலாம். கிளம்பு" என்றார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு, "நீயும் வா தாயி. உங்க அம்மாவத்தான் நான் ஆட விடல. நீ ஆடுதியா?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஒரு வார்த்தையால் என் எட்டாம் வகுப்பு திரும்பி வந்துவிடாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் மனதில் ஏதோ ஒரு மூலையில் இருந்த முள் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. ஊருக்கு வந்ததும் மகளுடைய பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். அங்கே ஹாக்கி இல்லையாம், கைப்பந்துதான் உண்டாம். அவள் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டாள். அவள் அப்பா முதலில் "வெயில்ல கறுத்துருவா" என்றார். "கறுத்தா கறுக்கட்டும்" என்றேன். மறு பேச்சு பேசவில்லை.

தோழிகளே, உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு ஆட்டம் இருக்கும். கபடியோ, கால்பந்தோ, கைப்பந்தோ. உங்கள் வீட்டு ஆண்கள் வருஷம் தவறாமல் போய் வருவார்கள். அடுத்த தடவை பிறந்த வீட்டுக்குப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். முட்டி வலி இருந்தால் முன்னாலேயே போய் ஏற வசதியான இடம் பிடியுங்கள். கழிப்பிடம் எங்கே என்று உள்ளே நுழைந்ததுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அவர்கள் தைரியமாகத் தண்ணீர் குடிப்பார்கள். ஒரு குடையும், வறுத்த கடலையும் போதும்.

"அம்மாவுக்கு என்ன தெரியும்?" என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். கூப்பிட்டுப் போகத்தான் ஆள் இல்லை.

- ஒரு கோவில்பட்டி மகள், திண்டுக்கல்