அன்று வெட்டினார்கள், இன்று நீட்டுகிறார்கள்

பிராட்வே மேடையில் பேர் வாங்கிய இசைநாடகத்தைக் குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கும் படமாக்குவது ஹாலிவுட்டின் பழைய தொழில். அந்தத் தொழில் எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க இரண்டு படங்கள் போதும். ஒன்று 1965இல் வந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’. மற்றது 2024 நவம்பரில் வந்த ‘விக்கெட்’. இரண்டும் வசூலை அள்ளியவை, இரண்டுக்கும் பாட்டிகள் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் முதல் படத்தை எடுத்தவர்கள் நாடகத்தின் பாடல்களைத் தூக்கினார்கள், இடம் மாற்றினார்கள், புதிதாகச் சேர்த்தார்கள். ஏன் என்று கேட்க ஆளில்லை. இரண்டாவதை எடுத்தவர்கள் ஒரு பாட்டையும் விட மனமில்லாமல் ஒரே நாடகத்தை இரண்டு படங்களாக்கினார்கள்.

கையில் கத்தரியோடு

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகம் 1959 நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. இசை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், பாடல் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். கன்னியர் மடத்திலிருந்து ஒரு கேப்டனின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மரியாவாக மேடையில் நின்றவர் மேரி மார்ட்டின். மொத்தம் 1,443 காட்சிகள் நடந்தன. கூட்டம் கூடியது என்றாலும், அமெரிக்கா முழுவதற்கும் அது தெரிந்த நாடகம் என்று சொல்ல முடியாது. நியூயார்க்கிலும், நாடகம் சுற்றுப்பயணம் போன ஊர்களிலும் டிக்கெட் கிடைத்தவர்கள் பார்த்தது. மற்றவர்களுக்கு இசைத்தட்டு.

இந்த நிலைமை படமெடுக்க வந்தவர்களுக்குப் பெரிய வசதி. திரைக்கதை எழுதிய எர்னஸ்ட் லேமன் ஹாலிவுட்காரர். ஹாமர்ஸ்டைன் 1960இலேயே காலமாகிவிட்டார். லேமனும் இயக்குநர் ராபர்ட் வைஸும் நாடகத்தைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். மூன்று பாடல்கள் போயின. புதிதாக இரண்டு பாடல்கள் ராட்ஜர்ஸ் பெயரில் வந்தன. ஹாமர்ஸ்டைன் இல்லாததால் வரிகளும் ராட்ஜர்ஸ் பெயரிலேயே.

இடமாற்றம்தான் இன்னும் சுவையானது. ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாடலை மேடையில் மரியா பாடுவது கன்னியர் மடத்தில், மடத்துத் தலைவியோடு. இடி மின்னலுக்குப் பயந்து குழந்தைகள் அவள் அறைக்கு ஓடிவரும் காட்சியில் மேடையில் ஒலித்தது ஆட்டுக்காரன் பாட்டு. படத்தில் லேமன் மடத்துப் பாட்டை இடி இடிக்கும் இரவுக்குக் கொண்டுவந்தார். ஆட்டுக்காரன் பாட்டு பொம்மலாட்டமாயிற்று. பயந்த பிள்ளைகளுக்குப் பிடித்ததையெல்லாம் நினைத்துக்கொள்ளச் சொல்வது எவ்வளவு பொருத்தம் என்றால், அந்தப் பாட்டு வேறெங்கோ இருந்தது என்று இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

‘டோ-ரே-மி’யும் அப்படித்தான். நாடகத்தில் அது வரவேற்பறையில், மரியாவும் பிள்ளைகளும் அறிமுகமாகும் வேளையில் பாடி முடிக்கும் பாட்டு. படத்தில் மலைப்புல்வெளியில் தொடங்கி, சால்ஸ்பர்க் நகரத் தெருக்களில் சுற்றி, மிராபெல் தோட்டத்துப் படிகளில் முடிகிறது. நடுவே உடைகள் மாறுகின்றன, சைக்கிள் ஓடுகிறது, குதிரை வண்டி போகிறது. ஒரே பாட்டுக்குள் ஒரு கோடையே கழிந்து, முரட்டுப் பிள்ளைகள் மரியாவின் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். மேடையால் முடியாத ஒன்றைக் கேமரா செய்து காட்டிய இடம் அது. நம் ஊர் கான்வென்ட் பள்ளிகளின் ஆண்டு விழாவில் அந்தப் பாட்டைப் பாடிய தலைமுறைகள் நாடகத்தைப் பார்த்ததில்லை, படத்தைப் பார்த்தவர்கள்தான். 1969இல் வந்த ‘சாந்தி நிலையம்’ படத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் காஞ்சனாவிடம் மரியாவின் சாயல் தெரிந்ததும் படத்தின் வழியாகத்தான்.

தொடப் பயந்து

‘விக்கெட்’ கதை வேறு. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இசையமைத்து, வின்னி ஹோல்ஸ்மேன் எழுதி, 2003 அக்டோபரில் பிராட்வேயின் கெர்ஷ்வின் அரங்கில் தொடங்கிய நாடகம் அது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. லண்டனிலும் ஓடுகிறது. பாடல் தொகுப்பு காரிலும் ஹெட்போனிலும் ஓடியது. மேடை நடிகைகள் உச்சஸ்தாயியில் பிடிக்கும் சுரத்தை வைத்து யாருடையது மேல் என்று யூடியூபில் பட்டிமன்றமே நடக்கும். அரங்கத்துக்குள் கால் வைக்காத பிள்ளைகளுக்கும் பாடல்கள் அத்துப்படி.

படம் எடுத்தவர்களே அந்த ரசிகர் கூட்டத்தில் வந்தவர்கள். இயக்குநர் ஜான் சூ, பிராட்வேக்கு முன் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த வெள்ளோட்டத்திலேயே நாடகத்தைப் பார்த்தவர். இரு நாயகியரில் ஒருத்தியான கிளிண்டாவாக நடித்த அரியானா கிராண்டே சிறுமியாக இருந்தபோதே பார்த்து மயங்கியவர். 1965ஐ நினைத்துப் பாருங்கள். கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மர் பல ஆண்டுகள் தன் படத்தைக் கிண்டலடித்தே பேசினார். அன்று அது வேலை. இன்று பக்தி.

பக்தி கத்தரி எடுக்காது. ஒரே படமாக்கினால் பாடல்களை வெட்ட வேண்டிவரும், அது நாடகத்துக்குச் செய்யும் துரோகம் என்ற நினைப்பில், இரண்டாகப் பிரிப்பதாக 2022இல் சூ அறிவித்தார். மேடையில் இடைவேளையோடு சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடியும் கதை. படத்தில் இடைவேளை வரை வரும் பாதிக்கே 160 நிமிடம். மீதிப் பாதி 2025 நவம்பரில் வந்தது, ஷ்வார்ட்ஸ் புதிதாக எழுதிய இரண்டு பாடல்களோடு. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அன்று இரண்டு பாடல்கள் உள்ளே வந்தபோது மூன்று வெளியே போயின. இன்று வருவது மட்டும்தான், போவதே இல்லை.

இத்தனை பயத்தில் 2019இல் வந்த ‘கேட்ஸ்’ படத்துக்கும் பங்குண்டு. நட்சத்திரங்களின் உடம்பில் கணினியால் பூனை ரோமம் ஒட்டி எடுத்த அந்தப் படம் பெயர் கெட்டுப்போனது. வெளியான பிறகு திருத்திய பிரதியைத் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள், தேறவில்லை. தெரிந்த நாடகத்தைத் தெரியாத உருவத்தில் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அது பாடமானது. சில ஸ்டூடியோக்கள் இன்னொரு பக்கம் ஒதுங்கின. 2023, 2024இல் ‘தி கலர் பர்ப்பிள்’, ‘மீன் கேர்ள்ஸ்’ படங்களின் விளம்பரங்களில் இது பாட்டுப் படம் என்பதையே அடக்கி வாசித்தார்கள்.

யார் குரல்?

அன்றைய ஹாலிவுட் பாட்டு நன்றாக ஒலிப்பதை மதித்தது, பாடும் நடிகரை அவ்வளவாக மதிக்கவில்லை. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. ‘தி கிங் அண்ட் ஐ’யில் டெபோரா கெர், ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நடாலி வுட், ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்ன் என்று மூவருக்கும் பாடியவர் மார்னி நிக்சன். மேடையில் ‘மை ஃபேர் லேடி’யை நடித்துப் பாடிப் புகழ்பெற்ற ஜூலி ஆண்ட்ரூஸுக்கு, சினிமாவில் பெயரில்லை என்று படத்தில் இடம் தரவில்லை. அவர் அடுத்த ஆண்டு மரியாவானார். அந்தப் படத்திலும் பிளம்மருக்குப் பாடியவர் பில் லீ. கன்னியர் மடத்துச் சகோதரிகளில் ஒருத்தியாக, சிஸ்டர் சோஃபியாவாக, மார்னி நிக்சன் அதில் திரையில் முகமும் காட்டினார்.

இன்றைக்கு அது நடக்காது. 2012இல் ‘லே மிசரபிள்’ படத்துக்கு நடிகர்கள் காதில் சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு, மறைவில் வாசித்த பியானோவைக் கேட்டபடி கேமரா முன்னே நேரடியாகப் பாடினார்கள். ‘விக்கெட்’டிலும் மற்றொரு நாயகியான சிந்தியா எரிவோவும் கிராண்டேயும் படப்பிடிப்பிலேயே பாடினார்கள். கம்பியில் தொங்கிக்கொண்டு எரிவோ பாடியதைப் படக்குழு பெருமையாகச் சொல்லிக்கொண்டது. பார்வையாளர்கள் சுரம் சுரமாக ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், இரவல் குரல் ஒரே நாளில் அம்பலமாகிவிடும்.

தமிழ்ப் பார்வையாளருக்கு இது வேடிக்கையாக இருக்கும். 1934இல் ‘பவளக்கொடி’ நாடகத்தை கே. சுப்பிரமணியம் படமாக்கியபோது, மேடையில் பாடிய எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் கேமரா முன்னே நின்று பாடித்தான் ஆகவேண்டும். பின்னணி பாடும் வழி வந்த பிறகு நாம் அதை விட்டுவிட்டோம். வேறு வழியில்லாமல் நம்மவர்கள் செய்ததை, எல்லா வழியும் இருக்கும் காலத்தில் ஹாலிவுட் விரும்பிச் செய்கிறது.

குடும்பத்துக்கு எது ஆகும்?

அன்று தூக்கிய மூன்று பாடல்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் இன்னொரு மாற்றம் பிடிபடும். இரண்டு பாடல்கள் கேப்டனுக்கு நிச்சயித்த சீமாட்டி எல்சாவும் நண்பர் மேக்ஸும் பாடுபவை. ஒன்று பணக்காரர்களுக்குக் காதல் எப்படி வரும் என்ற கேலி. மற்றது, நாஜிகள் வரப்போகிறார்கள், எதிர்த்து ஆகப்போவது என்ன, வளைந்து கொடுத்துப் பிழைப்போம் என்று கேப்டனுக்குச் சொல்லும் சமாதானம். மேடையில் கேப்டனும் எல்சாவும் பிரிவது அந்த வாக்குவாதத்தில். படத்தில் அவன் மனம் மரியாவிடம் இருப்பதைப் பார்த்து எல்சா நாகரிகமாக விலகுகிறாள், ஒரு பாட்டுகூடப் பாடாமல். நாஜிகள் படத்திலும் உண்டு, கொடியைக் கேப்டன் கிழிக்கவும் செய்கிறான். ஆனால் நல்ல மனிதர்கள் எப்படித் தீமைக்கு இடம் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி காணாமல் போனது. சிறுவர்களுக்குப் புரியாது, பெரியவர்களுக்கு ரசிக்காது என்ற கணக்கு. மலையும் பிள்ளைகளும் பாட்டும் மிஞ்சின. விமர்சகர் பாலின் கேல் அந்தத் தித்திப்பைத்தான் போட்டு விளாசினார்.

இன்று குடும்பப் படம் கசப்புக்குப் பயப்படுவதில்லை. ‘விக்கெட்’டில் டாக்டர் டில்லமண்ட் என்ற ஆடு பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்துகிறது. மேடையில் முகமூடி அணிந்த நடிகர், படத்தில் கணினி உருவாக்கிய நிஜ ஆட்டுத் தோற்றம், பீட்டர் டிங்க்லேஜின் குரல். கதை நடக்கும் நாடெங்கும் விலங்குகளின் பேச்சைப் பறிக்கிறார்கள், இந்த ஆசிரியரையும் வகுப்பிலிருந்து இழுத்துப் போகிறார்கள். முகமூடியில் உருவகமாகத் தெரிந்தது திரையில் நெஞ்சைத் தொடுகிறது. மக்களை ஒன்றுசேர்க்க ஓர் எதிரியைக் காட்டு என்னும் ஆட்சியாளர் தந்திரத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் படம் சொல்லிக்கொடுக்கிறது. 1965இல் ஒதுக்கிய விஷயம் 2024இல் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. இந்த ஒரு கணக்கில் இன்றைய காலம் அன்றையதைவிட மேல் என்று தயங்காமல் சொல்லலாம்.

பார்க்கும் விதம்

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ முன்பதிவு இருக்கை, நடுவே இடைவேளை என்று விசேஷக் காட்சிகளாகத் தொடங்கி, பெருநகரங்களில் ஆண்டுக் கணக்கில் ஓடியது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது 1976இல். அரங்கத்தில் கூடவே பாடும் பழக்கம் 1999இல் லண்டன் பிரின்ஸ் சார்லஸ் திரையரங்கில்தான் பிடித்தது. ரசிகர்கள் கன்னியர் வேடம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

‘விக்கெட்’ 2024 நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் வெளியானது. கிறிஸ்துமஸுக்குக் கூடவே பாடும் காட்சிகளை ஸ்டூடியோவே ஏற்பாடு செய்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் படம் வீட்டுத் திரைக்கே வந்துவிட்டது. அன்று பதினொரு ஆண்டு, இன்று ஆறு வாரம்கூட இல்லை. அன்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த கொண்டாட்டம் இப்போது வெளியீட்டுத் திட்டத்தின் ஓர் அங்கம்.

உரிமை யாரிடம்?

ஆக, கசப்பைச் சேர்க்கும் துணிச்சல் வந்துவிட்டது, பாட்டைக் குறைக்கும் துணிச்சல் போய்விட்டது. போனதை மீட்க வழியே இல்லையா? 2022இல் வந்த ‘மட்டில்டா’ இருக்கிறது. 2010இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி அரங்கேற்றிய நாடகம். படத்தில் அப்பா, அம்மாவின் பாடல்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். மேடையில் ஆண் நடிகர் போட்ட கொடூரத் தலைமை ஆசிரியை வேடத்துக்கு எம்மா தாம்ப்சன் வந்தார். புதிதாக ஒரு பாட்டு முடிவில் சேர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் கச்சிதமாக முடிகிறது. ரசிகர்கள் கொடி பிடிக்கவில்லை. காரணம், மேடையில் அதை இயக்கிய மேத்யூ வார்ச்சஸ்தான் படத்தையும் இயக்கினார்.

லேமனுக்கு இருந்தது வெளியாளின் சுதந்திரம். இன்று அதை யாரும் தரமாட்டார்கள். நாடகத்தைப் பெற்றவர்களுக்கு மட்டும்தான் அதைக் குறைக்கும் உரிமை மிச்சமிருக்கிறது. அவர்களும் ரசிகர்களின் கைதட்டலுக்குக் கட்டுப்பட்டு அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டால், இனி வரும் ஒவ்வொரு இசைநாடகமும் இரண்டு பாகமாகத்தான் வரும். குழந்தையோடு போகும் பெற்றோர்தான் அதற்கு இரண்டு முறை டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.