ராணுவ ஏல லாரி வாங்க போறீங்களா? அடியில் படுத்து பாருங்க!

ராணுவம் கழித்து விடும் லாரிகள் ஏலத்துக்கு வருகின்றன. பல கை மாறி வரும்போது வெளியே பச்சை பெயிண்ட் அப்படியே இருக்கும். உள்ளே பாதி சாமான் மாறியிருக்கும். "மிலிட்டரி வண்டி சார், கல்லு மாதிரி" என்ற பேச்சை நம்பி பணத்தை கொடுத்தால் அம்போதான்.

மத்தியபிரதேச மாநிலம் ஜபல்பூரில் தயாரான சக்திமான், ஸ்டாலியன் லாரிகளில் 4 சக்கரத்துக்கும் இழுவை உண்டு. கியர் பாக்சில் இருந்து வரும் சக்தியை டிரான்ஸ்பர் கேஸ் முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும்.

முதலில் முன்பக்க ஷாப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பின்வீல் மட்டும்தான் இழுக்கும். ஷாப்டில் வெட்டி ஒட்டிய வெல்டிங், சேசிசில் புது போல்ட் ஓட்டை தெரிந்தால் எஞ்சினோ, கியர் பாக்சோ மாறியிருக்கலாம்.

அடுத்து ஆக்சில். மற்ற வீல்களுக்கு கட்டை கொடுத்து, கியரையும் டிரான்ஸ்பர் கேசையும் நியூட்ரலில் போடுங்கள். பின்பக்கம் ஒரு வீலை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சரியாக 2 சுற்று சுற்றுங்கள். ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதுதான் ஆக்சில் ரேஷியோ. முன்பக்கமும் இதேபோல் எண்ணுங்கள்.

எல்லா டயரும் ஒரே சைஸ் என்றால் 2 கணக்கும் ஒன்றாக வர வேண்டும். பின்னால் 6, முன்னால் 7 என்று வந்தால் யாரோ கிரவுன் பினியனை மாற்றி விட்டார்கள் என்று அர்த்தம். தார் ரோட்டில் 4 வீலும் போட்டால் ஒன்றை ஒன்று இழுத்து டிரான்ஸ்பர் கேஸ் உடையும்.

கடைசியாக, எஞ்சின் நம்பரை ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பாருங்கள். அனுமதி இல்லாமல் எஞ்சின் மாற்றுவது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி தப்பு. மாற்றியது பழைய ஓனர் என்றாலும், மாட்டுவது நீங்கள்தான். அட்வான்ஸ் அப்புறம், ஜாக்கி முதலில்!