கோல்ஃப் பட்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல ஹால் டைல்ஸைக் கேளுங்க!

ஸ்ரீவில்லிபுத்தூரில் 'பட்டர்' என்றால் ஆண்டாள் கோயில் பட்டர்தான் நினைவுக்கு வருவார். மளிகைக் கடையில் கேட்டால் வெண்ணெய் பாக்கெட் வரும். இது மூன்றாவது பட்டர். கோல்ஃபில் பந்தைக் கடைசியாக உருட்டிக் குழிக்குள் தள்ளும் மட்டை.

ராஜபாளையம் பக்கம் கோல்ஃபுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அய்யனார் கோவில் ஆற்றங்கரையில் மைதானம் இல்லைதான். ஆனால் இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடக்கே போனால் கொடைக்கானல், செங்கோட்டை வழியே இறங்கினால் திருவனந்தபுரம். இரண்டு ஊரிலும் கோல்ஃப் கிளப் உண்டு. கொடைக்கானல் கிளப் 1895-ல் தொடங்கியது. அங்கே காட்டுமாடுகளும் மைதானத்துக்குள் வந்து மேயும்! வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் ஆட்டம் தொற்றிக்கொண்டவர்கள், லீவுக்கு ஊருக்கு வந்தாலும் பயிற்சியை விடாமல் இருக்க ஒரே வழி பட்டர்தான். மற்ற மட்டைகளுக்கு மைதானம் வேண்டும். பட்டருக்கு வீட்டு ஹால் போதும்.

ஒரு ஆட்டக்காரர் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். 18 குழிகள், 72 அடிகள் என்று கணக்கு வைத்திருக்கும் மைதானத்தில் ஒரு குழிக்கு இரண்டு என 36 அடிகளைப் பட்டருக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். பாதி ஆட்டம்! அதனால்தான் புதிதாக ஆட வருபவர்கள், விலை அதிகமான பட்டரை வாங்கினால் பந்து தானாக விழுந்துவிடும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். ஸ்காட்டி கேமரான் போன்ற பட்டர்களுக்குப் பல பத்தாயிரங்கள் எடுத்துவைக்க வேண்டும். டெகத்லானின் இனெசிஸ் பட்டர் சில ஆயிரங்களில் கிடைக்கிறது. இரண்டுக்கும் குழி ஒன்றுதான். அதன் விட்டம் 10.8 சென்டிமீட்டர்.

உங்கள் கை எப்படிப் போகிறது?

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. ஹாலில் இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேல் பந்தை வையுங்கள். நண்பரின் பட்டரை இரவல் வாங்கி, வழக்கம்போல் பத்து முறை அடித்துப் பாருங்கள். யாராவது மேலிருந்து மொபைலில் வீடியோ எடுக்கட்டும். மட்டையின் தலை கோட்டை ஒட்டியே பின்னால் போய் முன்னால் வருகிறதா, அல்லது உள்பக்கமாக வளைந்து போய்த் திரும்புகிறதா?

இப்போது பட்டரின் தண்டை ஒரு விரலின் மேல் படுக்கையாக வைத்து, தலையைக் கவனியுங்கள். அடிக்கும் முகம் வானத்தைப் பார்த்து நின்றால் அது நேர்கோட்டுக் கைக்குப் பொருந்தும். பின்பக்கம் அகலமான 'மாலட்' வகைகளில் பல இப்படித்தான். தலையின் நுனி தரையை நோக்கித் தொங்கினால் வளைந்து போகும் கைக்கு நல்லது. ஒல்லியான 'பிளேடு' வகைகள் பெரும்பாலும் இந்த ரகம். விதிவிலக்குகள் உண்டு என்பதால் பெயரைப் பார்த்து வாங்காமல் விரலில் வைத்துப் பார்த்து வாங்குவதே மேல். காசு செலவில்லாத சோதனை, எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார்.

அடுத்தது உயரம். கடைகளில் 33 முதல் 35 அங்குலம் வரையிலான பட்டர்களே அதிகம். அடிக்கும் நிலையில் குனிந்து நின்று, இரு கண்களுக்கு நடுவிலிருந்து இன்னொரு பந்தைக் கீழே விடுங்கள். அது தரையில் இருக்கும் பந்தின் மேலேயோ, சற்று உங்கள் பக்கமோ விழ வேண்டும். காலுக்கு ரொம்ப அருகில் விழுந்தால் பட்டர் நீளமாக இருக்கலாம். பந்தைத் தாண்டி விழுந்தால் குட்டை. நீளமானதை வெட்டிக் குறைக்கலாம், ஆனால் வெட்டிய பிறகு தலை லேசாகிவிட்டதுபோல் கைக்குத் தோன்றும்.

பட்டரின் முகமும் முழுக்க நேராக இருக்காது. 3, 4 டிகிரி சாய்வு இருக்கும். புல்லில் லேசாகப் புதைந்திருக்கும் பந்தைக் கிளப்பிவிட்டு உருளவைப்பதற்காக. புல் அடர்த்தியாக, மெதுவாக இருக்கும் மைதானத்தில் ஆடுபவருக்குக் கொஞ்சம் கூடுதல் சாய்வு கைகொடுக்கும்.

'பிங்' என்று ஒரு சத்தம்

இன்று கடைகளில் பார்க்கும் பிளேடு பட்டர்களில் பாதிக்கு மேல் ஒரே ஜாடையில் இருப்பதற்குக் காரணம் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த இன்ஜினீயர். தன் பட்டிங் சரியில்லை என்ற எரிச்சலில், 1959-ல் கலிஃபோர்னியாவில் வீட்டு கார் ஷெட்டிலேயே ஒரு பட்டர் செய்தார். எடையை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தள்ளிவிட்டார். பந்து சற்றுத் தள்ளிப் பட்டாலும் மட்டை திரும்பாது. அடிக்கும்போது 'பிங்' என்று சத்தம் வந்ததால் அதுவே கம்பெனியின் பெயராகிவிட்டது.

1966-ல் இன்னும் மேம்பட்ட ஒரு வடிவம் தோன்றியதும், கையில் கிடைத்த இசைத்தட்டு உறையில் வரைந்துவைத்தார். 'ஆன்ஸர்' என்று பெயர் சூட்டச் சொன்னவர் மனைவி லூயிஸ். பட்டரில் அத்தனை எழுத்துக்கு இடமில்லை என்றதும், ஆங்கிலத்தில் 'டபிள்யூ' எழுத்தை எடுத்துவிடுங்கள் என்று வழி சொன்னதும் அவரேதான்! அடுத்த வருடமே ஜூலியஸ் போரோஸ் அந்தப் பட்டரோடு ஃபீனிக்ஸ் ஓபனை வென்றார். டைகர் உட்ஸின் ஸ்காட்டி கேமரான் பட்டரும் இந்த ஆன்ஸர் ஜாடைதான்.

ஆகவே பட்ஜெட் கம்மி என்றால் கவலைப்பட வேண்டாம். அந்த வடிவத்தில் குறைந்த விலைப் பட்டர்கள் ஏராளம். செகண்ட் ஹேண்டிலும் துணிந்து வாங்கலாம். பட்டர் வேகமாக வீசி அடிக்கிற மட்டை இல்லை, அதனால் தேய்மானம் குறைவு. தண்டு வளைந்திருக்கிறதா, அடிக்கும் முகத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, தலை ஆடுகிறதா என்று பார்த்தால் போதும். கைப்பிடி ரப்பர் இறுகிப்போயிருந்தால் புதிதாக மாற்றிக்கொள்ளலாம்.

மலிவாக வருகிறதே என்று வயிற்றில் முட்டுக்கொடுத்து அடிக்கும் நீளப் பட்டரை வாங்கும் முன் யோசியுங்கள். 2016 ஜனவரி 1 முதல் மட்டையை உடம்போடு ஊன்றி அடிக்க விதியில் இடமில்லை. பட்டர் செல்லும், அந்த அடி செல்லாது. இடது கைக்காரர்களுக்குக் கடையில் தேர்வு குறைவு என்பதால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பிள்ளைகளுக்கு அப்பாவின் பட்டரை வெட்டிக் கொடுக்காதீர்கள். தலை கனமாக இருக்கும், தூக்க முடியாமல் மணிக்கட்டை மடக்கி அடிக்கப் பழகிவிடுவார்கள். சிறுவர்களுக்கென்றே வரும் பட்டர் ஒன்றும், படுக்கவைத்த எவர்சில்வர் டம்ளரும் போதும். டம்ளரின் வாய் நிஜக் குழியைவிடச் சின்னது. அதில் விழ ஆரம்பித்துவிட்டால் மைதானத்துக் குழி கிணறு மாதிரி தெரியும்.