மழைச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறதா?

ஓட்டின் மேல் மழை கொட்டும் சத்தத்தில் போர்த்திக்கொண்டு உறங்கிய ஊர் நம் கண்டி. இன்று அதே சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியே மலையைப் பார்க்கும் தாய்மார் எத்தனை பேர்! நீங்களும் அவர்களில் ஒருவரா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான், சகோதரியே!

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் கண்டி. மலைச்சரிவுகள் வீடுகளோடு இறங்கின. மகாவலி கரை கடந்தது. இடிந்த சுவரைத் திரும்பக் கட்டிவிடலாம். இடிந்த மனதை எப்படிக் கட்டுவது?

அச்சம் பலவீனமல்ல

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பேரழிவுக்குப் பின் உறக்கம் கெடுவதும், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவதும், காரணமின்றி எரிச்சல் வருவதும் இயல்பானவை. ஆபத்தைக் கண்ட உடல் இன்னும் காவல் நிற்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலானோருக்கு இது சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். "இதற்கெல்லாம் பயப்படுவதா?" என்று உங்களையோ மற்றவரையோ கடிந்துகொள்ளாதீர்கள்.

அச்சத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்

என்ன செய்வதென்று தெரியாதபோதுதான் அச்சம் பெருகுகிறது. ஆகவே வீட்டார் அனைவரும் ஒருநாள் கூடி அமருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டங்களாக வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் நீர் ஆகியவற்றைக் கண்டால் எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். அடையாள அட்டைகள், மருந்துகள், டோர்ச் லைட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். யார் வீட்டுக்குப் போவது, வயதான மாமியை யார் அழைத்துச் செல்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பை தயாராக இருந்தால் மனம் சற்று ஓய்வெடுக்கும்.

இந்த நொடிக்குத் திரும்புங்கள்

நடப்பதை நடக்கும்போதே கவனிக்கும் பயிற்சியை இன்று உலகெங்கும் வைத்தியர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதை ஆங்கில உலகுக்கு எடுத்துச் சொன்ன முக்கிய நூல்களில் ஒன்றை எழுதியவர் நமது நகரின் உடவத்தகலைக் காட்டில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்! ஜெர்மனியில் பிறந்து, 1994இல் மறைந்த நியானபோனிக தேரர்தான் அவர். அவரது நூல் 1954இல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஜோன் கபட்-ஸின் 1979இல் இத்தகைய பயிற்சியை மதச்சார்பற்ற முறையில் வைத்தியசாலைக்குள் கொண்டுவந்தார். எச்சமயத்தவரும் செய்யக்கூடிய எளிய பழக்கமாக அது பரவியது.

இதற்குத் தனி அறையோ தனி நேரமோ வேண்டாம். நெஞ்சு படபடக்கும்போது இரு பாதங்களையும் தரையில் ஊன்றுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். கண்ணுக்குத் தெரியும் மூன்று பொருள்களை மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். அரிசி களையும்போது நீரின் குளிர்ச்சியைக் கவனியுங்கள். வுழூச் செய்யும் வேளையும் அப்படியே. அவசரமாகத் தண்ணீரை வாரி இறைக்காதீர்கள்! கண்ணை மூடினால் அந்த இரவின் காட்சிகள் வருகின்றனவா? மூடவே வேண்டாம். கண்ணைத் திறந்தபடியே செய்யுங்கள்.

நாளுக்கு ஓர் ஒழுங்கு

சுபஹுக்கு எழும் வீட்டில் இரவு பன்னிரண்டு மணிவரை கைபேசி எரிந்தால் உறக்கம் எங்கிருந்து வரும்? அழிவின் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஆறிவரும் புண்ணைக் கீறுவதாகும். செய்தியைக் காலையும் மாலையும் ஒருமுறை பார்த்தால் போதும். அடைமழை நாளில் மட்டும் எச்சரிக்கை வந்தால் காதில் விழும்படி கைபேசியைத் திறந்து வையுங்கள். பின்னேரத்துக்குப் பின் பிளேன்டீயைக் குறையுங்கள். தேயிலையின் கஃபீன் பல மணி நேரம் உடலில் தங்கும். நாளும் அரைமணி நேரம் நடங்கள். 1807இல் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பிக்கத் தொடங்கிய கண்டி வாவியை ஒருமுறை சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்கு மேல் வரும். நகருக்கு வர முடியாதவர்கள் தங்கள் ஊர்த் தெருவிலேயே நடக்கலாம்.

பிள்ளைகளும் அண்டை வீட்டாரும்

விட்டுப்போன பழக்கம் திரும்பி வந்து பிள்ளை படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள். "இனி மழையே வராது" என்று பொய்யும் சொல்லாதீர்கள். "மழை வந்தால் நாம் இப்படிச் செய்வோம்" என்று சொல்லுங்கள். பாடசாலையும் விளையாட்டும் வழமைபோல் நடக்கட்டும்.

உறவை இழந்தவரிடம் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று துருவிக் கேட்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி மூன்றே சொற்களில் அடங்கும்: பார், கேள், இணை. தேவை என்னவென்று பாருங்கள். அவர் பேசினால் காதுகொடுங்கள். உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடுங்கள். ஒரு சட்டி சோறு கொண்டுபோய் அருகில் உட்கார்ந்திருப்பதே பெரிய ஆறுதல். அந்த வீடு சிங்களவருடையதா தமிழருடையதா என்று மலை பார்க்கவில்லை. நாமும் பார்க்க வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போவது?

ஒரு மாதம் கடந்தும் உறக்கமில்லை, வேலை ஓடவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவியைப் பெறலாம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. "ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்குகிறீர்களா? காய்ச்சலுக்கு மருந்து எடுக்க யாரிடமும் அனுமதி கேட்பதில்லையே!

மழை மீண்டும் வரும். நம் வயலுக்கும் கிணற்றுக்கும் அது வேண்டும். அது வரும்போது பை கதவோரத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் அருகில் இருக்கட்டும், மூச்சு நிதானமாக இருக்கட்டும். இன்றிரவே குடும்பத்தோடு கூடிப் பேசத் தொடங்குங்களேன்!