பச்சை நம்பர் பிளேட் வந்தாச்சு... இனி என்ன?

"ஒரு தடவை சார்ஜ் போட்டா எத்தனை கிலோமீட்டர் போகும்?" எலெக்ட்ரிக் கார் வாங்கியவரைப் பார்த்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். லிஃப்டில் பார்ப்பவர் கேட்பார், கல்யாண வீட்டில் சொந்தக்காரர் கேட்பார், சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரரும் கேட்பார். ஆனால் காரை வாங்கி ஆறு மாதம் ஓட்டியவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் கிலோமீட்டரைப் பற்றி அதிகம் பேச மாட்டார். இரண்டு மாத மின் கட்டணம், வீட்டு எர்த்திங், அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம் என்றுதான் பேச்சு போகும். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பது பாதி கார் சமாச்சாரம், மீதி கரண்ட் சமாச்சாரம். ஷோரூமில் முதல் பாதியை நன்றாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது பாதியைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். விளம்பரத்தில் 300 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், ஏசி போட்டு, குடும்பத்தோடு, நம்ம ஊர் சாலையில் 200 முதல் 230 வரை எதிர்பார்க்கலாம். சோதனைக்கூடக் கணக்கு வேறு, சாலைக் கணக்கு வேறு. பெட்ரோல் காரின் மைலேஜ் விஷயத்திலும் இதே கதைதானே!

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

ஒரு சாதாரண எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட் மின்சாரத்தில் 6 முதல் 7 கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் மாதத்துக்குச் சுமார் 165 யூனிட், இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் ஆகும்.

இங்கேதான் நம் மாநிலக் கட்டண முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 யூனிட் வரை, யூனிட் 5 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 400-ஐத் தாண்டினால் 6 ரூபாய்க்கு மேல், 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல் என்று படிப்படியாக ஏறும். அதோடு, மொத்தப் பயன்பாடு 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். 498 யூனிட்டுக்கும் 502 யூனிட்டுக்கும் பில்லில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

இதுவரை 300 யூனிட் ஓடிய வீட்டில் கார் வந்ததும் 630 யூனிட் ஓடும். பில் சுமார் 2,500 ரூபாய் கூடும். பார்த்ததும் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் அதே 2,000 கிலோமீட்டரை லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் ஓட்டினால், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 13,300 ரூபாய் ஆகியிருக்கும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் ரூபாய் எங்கே, ஆறரை ரூபாய்க்கு மேல் எங்கே!

இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஏசி ஓடும் வீடு ஏற்கெனவே 700, 800 யூனிட்டில் இருக்கும். அங்கே காருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் உயர்ந்த படியில்தான் ஏறும். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் மிச்சம் சுருங்கிவிடும். சொந்த மொட்டை மாடி உள்ளவர்கள் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் சோலார் பேனல் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு.

மாதம் 300 கிலோமீட்டர்கூட ஓட்டாதவரா நீங்கள்? அப்படியானால் எரிபொருள் மிச்சத்தை மட்டும் நம்பி எலெக்ட்ரிக் கார் வாங்காதீர்கள். காரின் கூடுதல் விலையை மீட்க வெகுகாலம் ஆகும். தவிர, பழைய எலெக்ட்ரிக் காரை விற்கப் போனால் பெட்ரோல் காருக்குக் கிடைக்கும் மறுவிற்பனை விலை இப்போதைக்குக் கிடைப்பதில்லை.

சுவரில் ஒரு பிளக், அதற்குப் பின்னால் பல வேலை

காரோடு வரும் சிறிய சார்ஜரை வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கிலேயே மாட்டலாம். இரவு மாட்டினால் காலையில் பெரும்பாலும் ஏறியிருக்கும். அலுவலகம் போய்வரும் குடும்பத்துக்கு இதுவே போதும். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்றால் அது 32 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குக் கூடுதல் மின்பளு அனுமதி வேண்டும், பெரும்பாலான வீடுகளில் த்ரீ பேஸுக்கும் மாற வேண்டியிருக்கும். இந்த விண்ணப்பத்தை மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே போடலாம். கார் டெலிவரிக்கு முன்னாடியே போட்டுவிடுங்கள். கார் வாசலில் நிற்க, சார்ஜர் பெட்டிக்குள் கிடக்கும் நிலை பல வீடுகளில் நடப்பதுதான்.

அடுத்தது எர்த். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் எர்த் சரியில்லாமலே வருஷக்கணக்கில் ஓடும், நாமும் கண்டுகொள்ள மாட்டோம். கார் சார்ஜர் அப்படி இல்லை. எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு சும்மா இருந்துவிடும். கார் கெட்டுவிட்டதோ என்று சர்வீஸ் சென்டருக்கு போன் போடுவதற்கு முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜருக்கென்று தனி ஒயர், தனி எம்சிபி, கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி மூன்றும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து சார்ஜ் போடுவது கூடவே கூடாது. பல மணி நேரம் தொடர்ந்து ஓடும் பளுவில் அந்த பாக்ஸ் சூடாகி உருகிவிடும்.

அபார்ட்மென்டில் கதையே வேறு. கார் பார்க்கிங் தரைத்தளத்தில், மீட்டர் அறை ஒரு மூலையில், வீடு நாலாவது மாடியில். ஒயர் பொதுச் சுவர் வழியாகத்தான் போக வேண்டும். "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?", "எல்லாரும் கேட்டா என்ன பண்றது?" என்று சங்கக் கூட்டத்தில் கேள்வி வரும். இந்தக் கேள்விகளில் தப்பு எதுவும் இல்லை. சங்கத்தில் இருப்பவர்களுக்கும் அந்தக் கட்டடத்தின் பாதுகாப்பு முக்கியம்தானே. ஆனால் பயத்தை மட்டும் வைத்து முடியாது என்று சொல்லிவிடவும் கூடாது.

இந்த இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, வாகன உரிமையாளர் தன் வீட்டு மின் இணைப்பிலிருந்தே தன் வாகனத்துக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு, மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, மின் வாகன சார்ஜிங்குக்கென்று நுகர்வோர் தனி இணைப்பு கேட்டால் மின் வழங்கும் நிறுவனம் தர வேண்டும். தனி இணைப்பு எடுத்தால் வீட்டு பில் உயர்ந்த படிக்குத் தாவாது. ஆனால் அதற்கான கட்டணப் பிரிவு, நிலைக்கட்டணம் எவ்வளவு என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு, உங்கள் ஓட்டத்துக்கு எது லாபம் என்று கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்கள்.

சங்கத்துக்கு வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வரைந்த ஒயரிங் படம், பாதுகாப்புக் கருவிகளின் விவரம், செலவு முழுவதும் என்னுடையது என்ற உறுதி, இவ்வளவையும் இணைத்தால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும். அடுத்த வருஷம் எதிர்வீட்டுக்காரரும் எலெக்ட்ரிக் கார் வாங்குவார். அவருக்கும் சேர்த்து ஒயர் போகும் பாதையை இப்போதே பெரிதாகப் போட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

வெளியூர் போனால்

நகரத்துக்குள் இந்தக் கார்களை ஓட்டுவது உண்மையில் ஆனந்தம். கிளட்ச் இல்லை, சத்தம் இல்லை, நெரிசலில் கால் வலிப்பதில்லை. (சத்தம் இல்லாததில் ஒரு சங்கடமும் உண்டு. தேர் வீதியில் நடந்து போகிறவருக்குப் பின்னால் கார் வருவதே தெரியாது. ஹாரன் அடித்தால் திடுக்கிடுவார், அடிக்காவிட்டால் விலக மாட்டார்!)

நெடுஞ்சாலையில் மட்டும் திட்டம் வேண்டும். சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். 100-க்கு மேல் வேகம் போனால் பேட்டரி கண்ணெதிரே இறங்கும். 80, 90-ல் போனால் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு சாப்பாட்டு நிறுத்தத்தில் சார்ஜ் போட்டு நிம்மதியாகப் போய்ச் சேரலாம். டிசி வேக சார்ஜரில் 80 சதவீதம் வரைதான் வேகம். அதற்கு மேல் பேட்டரியைக் காப்பாற்ற வேகம் தானாகக் குறைந்துவிடும். ஆகவே 80-ல் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள், பின்னால் காத்திருப்பவருக்கும் புண்ணியமாகப் போகும். பொது சார்ஜரில் விலை இடத்துக்கு இடம் மாறும், வீட்டைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி என்பதால் இரண்டு மூன்றை முன்கூட்டியே இறக்கி, பணம் போட்டுவையுங்கள். போய்ச் சேர்ந்ததும் அந்த சார்ஜர் பழுதாகிக் கிடக்கலாம். அடுத்த சார்ஜர் வரை போகும் அளவு சார்ஜ் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

மலைப் பயணத்துக்குத் தனிக் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 9 யூனிட் ஆகும், ஓடும் தூரத்துக்கான செலவு தனி. 30 யூனிட் பேட்டரியில் பாதிக்கு மேல் மலையிலேயே போய்விடும். எனவே அடிவாரத்தில் நன்றாக ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது மோட்டாரே பிரேக் மாதிரி வேலை செய்து, போன மின்சாரத்தில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். மேலே நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் அதைச் சேர்க்க இடம் இருக்காது, அந்த பிரேக் பிடிமானமும் குறையும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை உண்டு, கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள்.

மழைக்காலம் வந்தால்

மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டுவதை எல்லாரும் பார்த்திருப்போம். எலெக்ட்ரிக் கார்க்காரர்களும் அந்த வரிசையில் நிற்கலாம், தப்பில்லை. பேட்டரிக்கு ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். இரவு முழுக்க ஊறினால் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மின்தடைக்கு முன்பே சார்ஜ் ஏற்றி, பிளக்கைக் கழற்றி, எம்சிபியை அணைத்துவிடுங்கள். கார் மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. சக்கரம் தரையில் உருளாதபடி தட்டு லாரியில் ஏற்றித்தான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

பேப்பர் வேலை

சொந்தக் காருக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, வாடகைக் காருக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்து. புகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆர்சி கட்டணம் 2021 ஆகஸ்ட் முதல் கிடையாது. மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சொந்தக் காருக்கு மானியம் கிடையாது. கார் கடன் வட்டிக்கான 80இஇபி வருமான வரிச் சலுகையும் 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும்தான். இந்த இரண்டையும் இன்னமும் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

பெரிய தொகை சாலை வரியில் இருக்கிறது. 10 முதல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம் வரி. தமிழ்நாடு மின் வாகனக் கொள்கை 2023, மின்சார வாகனங்களுக்கு 31.12.2025 வரை முழு விலக்கு அளித்தது. அதற்குப் பிறகு பதிவாகும் வண்டிக்கு, பதிவு நாளில் நடப்பில் உள்ள அரசாணைதான் பொருந்தும். புக்கிங் பணம் கட்டும் முன், ஆன்-ரோடு விலைப் பட்டியலில் சாலை வரி எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்சி வந்ததும் டிஜிலாக்கரில் சேர்த்துவிடுங்கள், போலீஸ் சோதனையில் அதைக் காட்டினாலே போதும். மின்பளு விண்ணப்பமோ தனி இணைப்போ இழுத்துக்கொண்டே போனால், விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் பேசலாம்.