கன்றைப் பகிர்வோம், நோயைப் பகிரோம்

பினாங்கு, செடி கொடிகளுக்கும் பழைய துறைமுகம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கப்பலேற்றி இங்குக் கொணர்ந்தனர். பாலிக் புலாவ் வட்டாரத்தில் சாதிக்காய் இன்றும் விளைகிறது.

புதிய கன்றைத் தேடி நடும் ஆசை இன்றும் குறையவில்லை. பழமரம் வளர்க்கும் அன்பர்கள் எங்குக் கூடினும் எலுமிச்சையைப் பற்றிய பேச்சு எழும். தைப்பூசத்திற்கு எலுமிச்சை, சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு, மலாய்க்காரர் சமையலுக்கு லீமாவ் பூருட் இலை என இவ்வினத்தை விரும்பாத சமூகமே நம் நாட்டில் இல்லை. தோட்டங்களிலும் ஒரு வீட்டுக் கன்று மறு வீட்டுக் கொல்லைக்குப் போவது நெடுநாள் வழக்கம். நல்ல வழக்கந்தான். எனினும், அதில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது.

மஞ்சள் தளிர் நோய்

எலுமிச்சை இனத்தின் கொடிய பகைவன் 'ஹுவாங்லோங்பிங்' என்னும் நோய். சீனாவின் தியோச்சூ வட்டாரத்து உழவர் இட்ட பெயர் அது. மஞ்சள் தளிர் நோய் என்பது பொருள். மரத்தின் சாறோடும் குழாய்களில் வாழும் நுண்ணுயிர் அதற்குக் காரணம். ஒட்டுக் கட்டுவதால் இந்நோய் பரவும் என்பதை லின் குங் சியாங் என்னும் சீன அறிஞர் 1956இல் வெளியிட்டார். மலேசியாவிலும் இந்நோய் உண்டு. நோயுற்ற மரத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இது 2005இல் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கு ஆரஞ்சு விளைச்சல் பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கியது. புயல்களும் கேடு செய்தன எனினும், பெரும் காரணம் இந்நோயே. கலிபோர்னியாவில் 2012இல் இது முதன்முதலாகப் பிடிபட்ட இடம் பெருந்தோப்பன்று. ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற ஒட்டு மரம். அம்மாநிலத்தில் 1968இல் தோன்றிய அரிய பழ வளர்ப்போர் சங்கத்தார் ஆண்டுதோறும் கூடி ஒட்டுக் குச்சிகளை மாற்றிக்கொள்வர். எலுமிச்சை இனக் குச்சிக்கு மட்டும் அங்கே இடமில்லை.

கறிவேப்பிலையும் கவனத்திற்குரியது

இந்நோயைச் சுமப்பது சில்லிட் என்னும் சிறு பூச்சி. எள்ளளவே இருக்கும், வாற்பக்கத்தைத் தூக்கியபடி இளந்தளிரில் அமரும். எலுமிச்சைக்கு உறவான கறிவேப்பிலையிலும் கெமுனிங் செடியிலும் அது முட்டையிட்டுப் பெருகும். ஆகவே, தளிர்விட்ட கறிவேப்பிலைக் கன்றைக் கொடுப்பவர் தாம் அறியாமலேயே பூச்சியையும் கொடுத்துவிடக்கூடும்.

நோயுற்ற இலையில் மஞ்சள் திட்டுகள் நடுநரம்பின் இருபுறமும் ஒத்திராமல் தோன்றும். உரக்குறைவால் வரும் மஞ்சளோ பெரும்பாலும் இருபுறமும் ஒத்திருக்கும். காய் கோணலாகிச் சிறுத்துக் கசக்கும். ஆனால், அறிகுறி வெளிப்பட மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை கன்று நல்லதாகவே தோன்றும்.

ரப்பர் சொல்லும் பாடம்

1876இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் லண்டனுக்குச் சென்றன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. பிரேசிலில் ரப்பர்த் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோய் அவற்றுடன் வரவில்லை. இன்றுவரை ஆசியாவை எட்டவுமில்லை. தாவரத் தடைக்காப்பு விதிகள் இதற்குக் காவலாய் நிற்கின்றன. நம் பிழைப்பே அக்காவலில்தான் நிற்கிறது.

ஒட்டுக் கட்டிப் பழகிய தோட்ட மக்களுக்கு இது எளிதில் விளங்கும். தாய்மரத்தின் குணம் மொட்டு வழியே கன்றுக்கு வருவதுபோல் நோயும் வரும். எனவே:

1. எலுமிச்சை இனத்துக் குச்சி, பதியன், கன்று ஆகியவற்றை மாற்றிக்கொள்ள வேண்டாம். கழுவி நிழலில் உலர்த்திய விதையைக் கொடுங்கள். இந்நோய் விதை வழியே பரவுவதாக அறியப்படவில்லை. எலுமிச்சையும் கஸ்தூரி எலுமிச்சையும் விதையிலிருந்தே பெரும்பாலும் தாயைப்போல் வளரும். காய்க்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

2. பம்ளிமாஸ் விதையிலிருந்து தாயின் சுவையை எதிர்பார்க்க இயலாது. அதன் கன்றை விவசாய இலாகாவின் சான்று பெற்ற நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள்.

3. ஊருக்குச் சென்று திரும்புவோர் நாரத்தைக் கன்றையோ கறிவேப்பிலைக் கன்றையோ பெட்டியில் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். 1976ஆம் ஆண்டுத் தாவரத் தடைக்காப்புச் சட்டப்படி அனுமதிச் சீட்டு வேண்டும்.

4. சந்தேகத்திற்குரிய மரத்தைக் கண்டால் விவசாய இலாகாவுக்கு அறிவியுங்கள்.

பகிர்வதற்கு மா, பலா, கொய்யா எனப் பல உண்டு. எலுமிச்சையில் மட்டும் விதையோடு நின்றால், நம் கொல்லை மரமும் காய்க்கும். அண்டை வீட்டாரின் மரமும் காய்க்கும்.